உடுக்குறி

சோழவந்தான் கிளை நூலகத்தில்
ஆண்டுக் கணக்கெடுப்பு.
மதுரையிலிருந்து ஆய்வாளர் வருவதற்குள்
புத்தகங்களில் உள்ள பென்சில் கிறுக்கல்களை
அழித்துவைக்க வேண்டுமாம்.
ரப்பருக்குக் காசு ஒதுக்கவில்லை.
என் மகனுடையதை எடுத்து வந்தேன்,
ஸ்ட்ராபெரி வாசனை.

அட்டையில் மஞ்சள் குடை போட்ட நாவல்.
முதுகில் 'இளையோருக்கு' என்று முத்திரை.
அதில் சுடர்விழி ப்ளஸ் ஒன் படிக்கிறாள்.
மழை. டியூஷன் சென்டர் மாடி. கரண்ட் போகிறது.
பிறகு பக்கத்தின் நடுவில்
மூன்று உடுக்குறிகள்.
அடுத்த பக்கத்தில் அவள்
குழாயடியில் வாந்தி எடுக்கிறாள்.

அந்த மூன்று குறிகளைச் சுற்றித்தான்
இத்தனை பென்சில்.

"நடுவுல என்ன ஆச்சு?"
"ஒன்னும் ஆகல. எழுதுனவருக்கு வெக்கம் வந்துருச்சு."
"அவ சரின்னு சொன்னாளா? அதையாவது எழுதிருக்கலாம்ல."
"நாள் தள்ளிப்போனா அதேதானா?"
இதற்கு மட்டும் பச்சை மையில் பதில்:
"இல்ல. எனக்குப் பரீட்சை பயத்துல தள்ளிச்சு.
பதினோரு நாள் எல்லா சாமியையும் கும்பிட்டேன்."

தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.
நான் பதினாறில் படித்த கதைகளில்
இந்த இடத்துக்கு ஒரு கிணறு வரும்.
கிணறு இல்லாத ஊர் என்றால் ரயில்.
இந்த நாவல் பரவாயில்லை, கொல்லவில்லை.
அம்மா அறைகிறாள், அழுகிறாள், அணைக்கிறாள்.
பெண் அத்தை ஊருக்குப் போகிறாள்.
மறுபடி மூன்று குறிகள்.
திரும்பி வந்து பள்ளியில் முதலிடம்.
பத்து மாதம்
ஒரு விரல் அகலத்துக்குள் முடிந்துவிடுகிறது.
பிறந்ததா, இல்லையா,
பிறந்திருந்தால் யாரிடம் வளர்கிறது,
அவன் எங்கே,
அவனை எந்த அத்தை ஊருக்கு அனுப்பினார்கள்?
ஒரு சொல் இல்லை.

அங்கே, ஓரத்தில், அழுத்தாமல்,
பென்சில் தாளைத் தொட்டதா என்றே சந்தேகப்படும்படி:
"எனக்கு ரெண்டு மாசம்."

அதற்குக் கீழே
யாரும் எதுவும் எழுதவில்லை.

பதிவேட்டைப் புரட்டினேன்.
கடைசியாக எடுத்தது உறுப்பினர் எண் 612,
பேச்சியம்மாள், கொடிக்கால் கூலி, தென்கரை.
படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை.
எழுத்துக் கூட்டத் தெரியாத ஒருத்தி
இளையோர் நாவலை
இரண்டு முறை புதுப்பித்து
போன வியாழன்தான் திருப்பியிருக்கிறாள்.

வைகைப் பாலம் தாண்டினால் தென்கரை.
ஸ்கூட்டியில் பத்து நிமிஷம்.
சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.
நூலகத்தம்மா வீடு தேடி வந்தாள் என்று
வெற்றிலை அடுக்குகிற அத்தனை பேருக்கும்
ஐந்தாவது நிமிஷம் தெரியும்.
ஆறாவது நிமிஷம்
அந்தப் பிள்ளைக்கு நானே ஒரு கிணறு.

சாவியை வைத்துவிட்டு
மகனின் பென்சிலைச் சீவி
அவள் வரிக்குக் கீழே எழுதினேன்:
"செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூட்டியிருக்கும்.
பின்கதவைத் தட்டு. நான் மட்டும் இருப்பேன்.
டீ போடத் தெரியும். திட்டத் தெரியாது."
கடைசி வாக்கியம் பொய்.
என் மகனைக் கேட்டால் சொல்வான்.

ஆய்வாளர் வந்தார், கழிப்பறைக் குழாயைத் திருகிப் பார்த்தார், போனார்.
அதன் பிறகு அந்த நாவலை
மஞ்சள் குடை வாசலுக்குத் தெரியும்படி
புதுவரவு மேசையில் நிறுத்தினேன்.
சனிக்கிழமை அது மேசையில் இல்லை.
பதிவேட்டிலும் இல்லை.
இந்த வேலைக்கு வந்து
நான் எழுதாமல் விட்ட முதல் திருட்டு.

இன்று செவ்வாய்.
திண்டுக்கல் பாசஞ்சர் போய் வெகுநேரம்.
டம்ளர்கள் இரண்டைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
பின்கதவில் ஏதோ உரசுகிறது.
ஆடாக இருக்கலாம்.
எழுந்து போகிறேன்.